சுகாதார மந்திரி எழுதிய பலகை

நானும் ஒரு காலத்தில் மந்திரியாக இருந்தேன். மூன்றே நாள்தான் நீடித்தது. பதவி போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை, கோபம்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பெண்களுக்கான ஆதாரப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. இரண்டு வருஷம் அங்கேயே தங்கிப் படித்தால் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆகலாம். எனக்குச் சாயல்குடிப் பக்கம். எங்கள் அய்யா உப்பளத்தில் கூலி. ஊரில் எங்களுக்குத் தனித் தெரு, தனிக் கிணறு. எங்கள் தெருவில் எட்டாவது தாண்டிய முதல் பெண் நான்தான். பஸ் ஏற்றிவிடும்போது அய்யா ஒன்றுதான் சொன்னார்: "சர்டிபிகேட்டோட வா தாயி. இல்லைன்னா உப்பு வாரத்தான் வரணும்."

முதல் நாள் பிரார்த்தனை முடிந்ததும் தலைமை ஆசிரியை ஒரு தாளை எடுத்து வாசித்தார். அவரைப் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். கதர்ப் புடவை, சாந்தமான குரல். தாளின் தலைப்பு 'மாணவியரின் உரிமைகளும் கடமைகளும்'. கடமைகள் ஒரு பக்கம் முழுக்க ஓடின, உரிமைகள் நாலே வரி. மாணவியர் தங்களுக்குள் ஒரு மந்திரிசபை அமைத்து விடுதியைத் தாங்களே நடத்திக்கொள்ளலாம் என்பது ஓர் உரிமை. சமையல், தண்ணீர், தோட்டம், துப்புரவு என்று எல்லா வேலையையும் எல்லோரும் முறைவைத்துச் செய்ய வேண்டும், எந்த வேலையும் இழிவில்லை என்பது ஒரு கடமை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. ராத்திரியே அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். பைத்தியக்காரி, ஒரு வரி விடாமல் நம்பினேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அந்த வாரம் யாருக்கு என்ன வேலை என்று அதில் எழுதுவார்கள். முதல் வாரம் என் பேர் துப்புரவில் இருந்தது. விடுதிக்குப் பின்னால் மணலில் நீளமாகக் குழி வெட்டி, சுற்றிலும் பனையோலைத் தட்டி நட்டிருப்பார்கள். அதுதான் கக்கூஸ். தினமும் காலையில் மண்ணைத் தள்ளி மூட வேண்டும், குழி நிறைந்தால் வேறு குழி வெட்டித் தட்டியைப் பிடுங்கி நட வேண்டும். செய்தேன். இரண்டாவது வாரமும் துப்புரவு. மூன்றாவது வாரமும் அதே. என்னோடு கூட ஒருத்தி இருந்தாள், சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண், அவளும் எங்களைப் போலத் தனித் தெருக்காரிதான். நாற்பது பேர் படித்த இடத்தில் எங்கள் இரண்டு பேர் பெயர் மட்டும் பலகையில் அந்த மூலையை விட்டு நகரவே இல்லை.

நாலாவது வாரம் பெரிய டீச்சரிடமே போய்க் கேட்டேன். "உங்களுக்குப் பழக்கம்தானேம்மா, மத்தவங்களுக்குக் குமட்டுது" என்றார், ரொம்பப் பிரியமாக.

எங்கள் தெருவில் கக்கூஸ் ஏது? எல்லோரையும் போல ஊருக்கு வெளியே உடைமரக் காட்டுக்குத்தான் போவோம். என் வீட்டில் ஒருத்தரும் மண்வெட்டி பிடித்து அந்த வேலை செய்ததில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிறகுதான் அந்தப் பழக்கமே எனக்கு வந்தது, அதையும் கற்றுக்கொடுத்தது அவர்தான்.

இதில் மானம் மட்டும் இல்லை, சர்டிபிகேட்டும் இருந்தது. ஒவ்வொருத்தியிடமும் சமுதாய வாழ்க்கைப் பதிவேடு என்று ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். அதில் துப்புரவிலும் சமையலிலும் நாலு வாரமாவது வேலை செய்து கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சையில் நிறுத்திவிடுவார்கள். எங்கள் நோட்டில் துப்புரவுக் கட்டம் நிரம்பி வழிந்தது. சமையல் கட்டம் வெறிச்சென்று கிடந்தது. எங்களை அடுப்படிக்குள் விட்டால்தானே நிரம்பும்?

இரண்டாம் வருஷம் புது மந்திரிசபை போட்டார்கள். பிரதம மந்திரியாக வந்தவள் பெரிய பண்ணைவீட்டுப் பெண். தேர்தல் முடிந்து இலாகா பிரிக்கும்போது அவள் என்னைப் பார்த்து, "சுகாதாரத்துக்கு இவளை விட்டா வேற ஆளே கெடையாது" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு, அதற்கு மேல் கைதட்டல். நானும் கைதட்டினேன். சிரித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று சுகாதார மந்திரிக்குத்தான் தெரியும் என்பதால், அந்தப் பலகையை எழுதும் அதிகாரம் அவளுக்குத்தான் என்று விதி இருந்தது. அதுவரை இருந்த சுகாதார மந்திரிகள் எல்லாம் பழைய பலகையை அப்படியே பார்த்துப் பகர்த்தி எழுதினார்கள். நான் பகர்த்தவில்லை.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் எழும்பும் முன்னே போய்ப் பலகையைத் துடைத்தேன். துப்புரவு: பிரதம மந்திரியும் இன்னும் மூன்று பேரும். சமையல்: நான், சிக்கல்காரி, இன்னும் இரண்டு பேர். சிக்கல்காரி பலகையைப் பார்த்ததுமே என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். "ஏ புள்ள, நமக்கு எதுக்கு இது? கடைசியில கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாக. பேசாம இரு புள்ள" என்றாள். மற்ற இரண்டு பேரும் அடுப்படிப் பக்கம் தலையே காட்டவில்லை. நாங்கள் இருவருமே கேப்பைக் கூழ் காய்ச்சினோம். மத்தியானத்துக்குச் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். நாற்பது பேருக்கு உலை வைப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது, அதை நான் மறைக்கவில்லை.

காலையிலேயே பதினாலு பேருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. கூழை வாயில் வைக்காமலே வந்த வயிற்றுவலி. ஒவ்வொருத்தியாக என்னிடமே வந்து சொன்னார்கள், வேறு வழியில்லை, நான்தானே சுகாதார மந்திரி. எல்லோர் பெயரையும் நோயாளிப் பதிவேட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். அப்புறம் விதியைப் படித்துக் காட்டினேன்: வயிற்றுக் கோளாறு என்றால் அன்று முழுக்க ஓமத் தண்ணீர் மட்டும். நேரே படுக்கை அறைக்குப் போய், பதினாலு பெட்டிகளிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த முறுக்கு டின், அதிரச டின் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "வயித்துவலிக்காரவுக எண்ணெய்ப் பலகாரம் திங்கக் கூடாது" என்றேன். ஒருத்தி அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் பந்தியில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவள் கீழக்கரைப் பக்கத்துப் பெண், எங்கள் செட்டில் இருந்த ஒரே முஸ்லிம் பெண். எங்களைப் போலவே அவளுக்கும் அங்கே தனித் தம்ளர் உண்டு. "பசி உசுரு போகுது புள்ள, போடு" என்றாள். பிஸ்மில்லா சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் சோறு வாங்கினாள். அவளைப் பார்த்துச் சிலர் உட்கார்ந்தார்கள். ஓமத் தண்ணீரையும் நாங்கள்தான் கொதிக்கவைத்தோம் என்பதால் நோயாளிகள் அதையும் தொடவில்லை. பொழுது சாயும்போது ஏழு பேருக்கு வயிற்றுவலி குணமாகியிருந்தது. மறுநாள் மத்தியானம் பிரதம மந்திரியோடு சேர்த்து மூன்று பேர்தான் மிச்சம்.

குழிப் பக்கம் வேறு கதை. முதல் நாள் யாரும் போய் மூடவில்லை. நானும் அந்தத் திசையில் திரும்பவில்லை, என் முறை அதுவல்ல. கச்சான் காற்றுக் காலம் அது. மணலை வாரிக்கொண்டு வீசுகிற காற்று எங்கள் குழிப் பக்கமிருந்து நேரே பெரிய டீச்சர் வீட்டு ஜன்னலுக்குப் போனது. இரண்டாம் நாள் காலையில் அவரே வெளியே வந்து, "யாராவது போய் மூடுங்கம்மா" என்றார். அவர் பார்வை என் மேல்தான் இருந்தது. நான் பலகையைக் காட்டினேன். கடைசியில் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பிரதம மந்திரி மண்வெட்டியைத் தூக்கினாள். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் மூடினாள். அவள் கை ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

மூன்றாம் நாள் அவள் அய்யா மகளைப் பார்க்க வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வந்த நேரம், மகள் குழியோரத்தில் நிற்கிறாள். அவர் யாரிடமும் கத்தவில்லை. பெரிய டீச்சர் அறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வண்டி ஏறிவிட்டார். மறுநாள் காலைப் பிரார்த்தனையில் மந்திரிசபை கலைக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. "விடுதியில ஒற்றுமை கெட்டுப்போச்சு" என்றார் பெரிய டீச்சர்.

"இருந்தாத்தானே டீச்சர் கெடும்?" என்றேன். வாய் என்னைக் கேட்காமலே பேசிவிட்டது. அன்றைக்கே பலகையில் எங்கள் பெயர்கள் பழைய மூலைக்குத் திரும்பின. அதற்குப் பிறகு கீழக்கரைக்காரி மட்டும் யாரும் சொல்லாமலே காலையில் வந்து எங்களோடு மண் தள்ளுவாள். வேறு ஒன்றும் மாறவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெரிய டீச்சர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேடுகளைத் திறந்து, சமையல் கட்டத்தில் நாலு வாரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடப்போனார். "உங்க வாழ்க்கையைக் கெடுக்க எனக்கு மனசில்லை" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக எரிந்தது. சிக்கல்காரி நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். நான் நீட்டவில்லை.

"நான் சமைச்சது மூணு நாளு டீச்சர். மூணு நாளுன்னு போடுங்க."

"மூணு நாள்னு போட்டா உன்னை நிறுத்திடுவாங்க. புரியுதா?"

"புரியுது."

அவர் போடவில்லை. அறையை விட்டு வெளியே வந்து நானே எழுதினேன்: 'மூன்று நாள். மற்ற நாட்களில் சமைக்க விடவில்லை.' எழுதி முடித்ததும் உப்பளம் கண் முன்னால் வந்தது. அய்யாவின் வெடித்த பாதம் வந்தது. அழித்துவிடலாமா என்று இரண்டு தடவை ரப்பரைக் கையில் எடுத்தேன், மையில் எழுதியது ரப்பருக்குப் போகாது என்பதுகூட அப்போது தோன்றவில்லை.

பரீட்சை அதிகாரி வெளியூர்க்காரர். பக்கத்து நாற்காலியில் பெரிய டீச்சர். அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து அந்த வரியில் நின்றார்.

"என்னம்மா, யாரு விடலை?"

"ஒங்க பக்கத்துல ஒக்காந்திருக்காக சார்."

பெரிய டீச்சர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். அந்த மூன்று நாளும் என்ன சமைத்தேன் என்று கேட்டார். முதல் நாள் சோறு குழைந்ததிலிருந்து எல்லாம் சொன்னேன். போகச் சொன்னார்.

அடுத்தது சிக்கல்காரி. நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அவளிடம் கேட்க ஒன்றுமே இருக்காது, நாலு வாரம், கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அவள் வர நேரமானது. வந்தபோது முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"என்ன புள்ள கேட்டாக?"

"நாலு வாரமும் என்ன சமைச்சேன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்னே?"

"அது டீச்சரு போட்ட கையெழுத்து சார், நான் சமைச்சது மூணு நாளுதான்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நடுவில் சிரிக்கவும் செய்தாள்.

அதிகாரி எங்களை நிறுத்தவில்லை, இரண்டு மாதம் கழித்து எங்கள் இருவருக்கும் சர்டிபிகேட் வந்தது. நடத்தை என்ற இடத்தில் பெரிய டீச்சர் எனக்கு 'சுமார்' என்று எழுதியிருந்தார், அது நான் எதிர்பார்த்ததுதான். அவளும் தன்னுடையதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து காட்டினாள். அதுவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவள், இரண்டு வருஷமும் தலை குனிந்தே நடந்தவள், அவளுக்கும் 'சுமார்'. என்னுடையதைவிட அவளுடைய சுமாரைப் பார்த்துத்தான் எனக்குப் பெருமையாக இருந்தது.