ஏறின இடத்திலேயே இறக்கிவிடும் கப்பல்

கனடாவில் இருக்கும் என் தங்கை தன் அறுபதாவது பிறந்தநாளைக் கப்பலில் கொண்டாடப்போவதாக வீடியோவில் சொன்னபோது நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். போனைச் சீனி போட்டுவைக்கும் பேணியில் சாய்த்து வைத்திருந்ததால் அவளுக்கு என் முகத்தைவிடக் கூரைதான் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

"அக்கா, நீங்களும் அத்தானும் கட்டாயம் வரவேணும். சிங்கப்பூரிலை ஏறுறம். ரிக்கற் எங்கடை பொறுப்பு. வாற வெள்ளிக்கிழமைக்குள்ளை ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ."

என் கணவர் முற்றத்தில் மருந்தடிக்கிற மிசினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து போனுக்கு முன்னால் குனிந்தார்.

"கப்பல் எங்கை போகுது?"

"மலேசியா, தாய்லாந்துப் பக்கம் ஒரு சுற்று, அத்தான்."

"பிறகு?"

"பிறகு சிங்கப்பூருக்குத் திரும்பி வரும்."

"ஏறின இடத்துக்கோ?"

"ஓம்."

"அப்ப ஏன் ஏறுவான்?"

 தங்கை கப்பலில் உள்ள வசதிகளைச் சொல்லத் தொடங்கினாள். விடியத் தொடக்கம் இரவு வரைக்கும் சாப்பாடு, பாட்டு, நடனம், படம், மேல்தட்டில் நீச்சல் குளம். குளம் என்றதும் இவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சுத்திவரக் கடல். அதுக்குள்ளை கப்பல். அந்தக் கப்பலுக்கு மேலை ஒரு குளமோ?"

என் கணவர் வட்டக்கச்சியில் எங்கள் பகுதி விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர். எந்த வாய்க்காலுக்கு எந்தக் கிழமை தண்ணீர் திறப்பது என்பதில் அவருடைய பாதி ஆயுள் போய்விட்டது. அவருக்கு அந்தக் குளம் எப்படி நிரம்புகிறது, பழைய தண்ணீரை எந்தப் பக்கத்தால் திறந்துவிடுகிறார்கள் என்று தெரியவேண்டும். கேட்டுச் சொல்லுகிறேன் என்று தங்கை போனை வைத்தாள். இன்றுவரை சொல்லவில்லை.

இவர் ஒன்றுக்கும் மாட்டேன் என்று சொல்லுகிற ஆள் இல்லை. அந்த விஷயம் களைத்துப் படுத்துவிடும் வரைக்கும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். அந்தக் கிழமை முழுக்க அதுதான் நடந்தது. நெல் கதிர் வெளிவரப்போகிற குடலைப் பருவத்தில் நிற்கும்போது எப்படிப் போவது? மாட்டை யார் கறப்பது? அங்கே சோறு குத்தரிசியோ, பச்சையரிசியோ? நடுவில் பிடிக்கவில்லை என்றால் இறங்கலாமோ? பல்லைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, வாயைக் கொப்பளிக்காமல் என் பதிலுக்காகக் காத்து நின்றார்.

எனக்கும் லேசான விஷயமாக இருக்கவில்லை. எங்கள் வயதுக்காரருக்கு இந்த மண்ணில் கப்பல் என்றால் உல்லாசம் என்று அர்த்தம் இல்லை. யுத்தத்தால் பாதை மூடியிருந்த காலத்தில் ஒருமுறை திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போயிருக்கிறேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு அம்மா வாந்தி எடுத்த பையைப் பிடித்துக்கொண்டு, சாக்குகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி இருந்தேன். பிறகு, எல்லாம் முடிகிற நேரத்தில், காயப்பட்டவர்களை ஏற்ற வந்த கப்பலைக் கரையில் நின்று பார்த்தேன். இடம் கிடைத்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். தங்கை கப்பல் என்றதும் முதலில் அந்தச் சாக்குகள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொரு எண்ணமும் வந்தது. பயமில்லாமல், ஒரு தேவையும் இல்லாமல், தொப்பி போட்டுக்கொண்டு ஒரேயொரு தரம் கப்பலில் போய்ப் பார்த்தால் என்ன?

தொப்பியைப் பற்றி நான் இவருக்குச் சொல்லவில்லை.

பரீட்சித்துப் பார்ப்போம் என்ற யோசனை இவருடையதுதான். முல்லைத்தீவில் இவருக்குப் பழக்கமான ஒரு மீன்பிடிகாரர் இருந்தார். வருடாவருடம் நாங்கள் புது அரிசி கொடுப்போம், அவர் கருவாடு கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் போய் அவருடைய படகில் கொஞ்சத் தூரம் போய்வருவதென்றும், யாருக்குக் கடல் ஒத்துவரவில்லையோ அவர் கப்பலில் போவதில்லை என்றும் இவர் தீர்ப்பு வைத்தார். அந்த ஆள் நானாகத்தான் இருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. வவுனியா பஸ்ஸில் கனகராயன்குளம் தாண்டுவதற்குள் தலையைச் சுற்றுகிறது என்று ஜன்னல் பக்கம் கேட்கிறவள் நான்.

படகுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அண்ணை, அந்தக் கப்பல் ஒரு ஊர் மாதிரி. அது ஆடாது. இது பலகை. இதிலை பாத்து அதைச் சொல்லேலாது."

"பரவாயில்லை. நீர் எடும் படகை," என்றார் இவர்.

உழவு மிசினின் மட்காட்டில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இவர் முன்னுக்கு இருந்தார். அலை உடைகிற இடத்தைத் தாண்டும் வரைக்கும் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தாண்டியதும் அவருடைய சத்தம் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் படகின் விளிம்பில் சாய்ந்து, காலையில் சாப்பிட்ட புட்டு முழுவதையும் கடலுக்குக் கொடுத்தார்.

நானும் என் முறைக்காகக் காத்திருந்தேன். சேலைத் தலைப்பை வாயருகில் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது வரவேயில்லை. உப்புத் துளி கண்ணாடியில் தெறித்தது. படகு எழும்பி விழும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் போவமோ?" என்று கேட்டேன்.

இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

கரைக்கு வந்து, படகுக்காரரின் வீட்டில் பிளேன்ரீ குடித்த பிறகுதான் இவருக்குக் குரல் வந்தது. முதலில் தன் தோல்வியை மூடப் பார்த்தார்.

"தம்பி, நீர் சொல்லும். கடலிலை சும்மா சுத்திப்போட்டு வாறதாலை ஒரு மனுசனுக்கு என்ன பிரயோசனம்?"

படகுக்காரர் யோசித்தார். "என்னட்டைக் கேட்டால் என்னண்ணை சொல்லுறது? கடலுக்குப் போகாத நாளைத்தான் நான் லீவு எண்டு சொல்லுறனான்."

இவர் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். வழக்கு வென்றுவிட்டது என்று அர்த்தம். அதற்குள் படகுக்காரரின் மனைவி கோப்பைகளை எடுக்க வந்தா.

"இவர் லீவெண்டு வீட்டிலை நிண்டால் அண்டைக்கு எனக்கு லீவில்லை," என்றா. "நீங்கள் போங்கோக்கா."

வியாழக்கிழமை நான் கதையை முடித்தேன்.

"நான் போறன்."

"அப்ப நான்?"

"நீங்கள்தானே தீர்ப்பு வைச்சனீங்கள். பயிரைப் பாருங்கோ."

"போறதெண்டால் போம். நான் மறிக்கேல்லை," என்று சொல்லிவிட்டு மருந்தடிக்கிற மிசினைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். இரண்டாம் தரம் கேட்டால் வருகிறேன் என்று சொல்லக்கூடிய குரல் அது. நான் கேட்கவில்லை.

சாப்பாட்டையும் மாட்டையும் பக்கத்து வீட்டுக்காரி பொறுப்பெடுத்தாள். சின்ன வயதில் மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவள். இப்போது மிளகாய்த் தோட்டமும் நாலைந்து மாடுகளுமாக இருக்கிறாள். கை ஓய்ந்து இருந்து நான் பார்த்ததில்லை.

"நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க டீச்சர். சாரை நான் பாத்துக்கிறேன். நேரத்துக்குப் போட்டுட்டா சத்தம் போடமாட்டாரு, மாடு மாதிரித்தான்."

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் நின்று கப்பலுக்கு முன்பக்கம் எது என்று நான் தேடவேண்டியிருந்தது. அவ்வளவு பெரிது. படகுக்காரர் சொன்னது சரிதான், அது ஆடவில்லை. ஆனால் இரண்டாம் நாள் தங்கை படுத்துவிட்டாள். கனடாவிலிருந்து இதற்கென்றே ஆசைப்பட்டு வந்தவள், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "அக்கா, இது எப்ப நிக்கும்?" என்று கேட்டாள். அவளுடைய கணவர் சாப்பாட்டு மண்டபத்தில் குடியேறிவிட்டார். நான் அவளுக்கு இஞ்சித் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்து, முதுகைத் தடவி, நித்திரையாக்கிவிட்டு, அவளுடைய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேல்தட்டுக்குப் போவேன்.

மேல்தட்டில் ஒரு சாய்வுக் கதிரை. அதில் இருந்தால், கேட்காமலே ஒரு பெண் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். முதல் நாள் குடித்து முடித்ததும் கோப்பையைக் கழுவுவதற்கு இடம் தேடி அந்தத் தட்டு முழுக்க நடந்தேன். கடைசியில் அந்தப் பெண்ணே ஓடிவந்து என் கையிலிருந்து அதைப் பறித்தாள். மூன்றாம் நாள் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை ஒரே மாதிரித்தான் வந்தது. அலுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய அடுத்த நாள் காலையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கமக்காரர் அமைப்பின் தலைவரும் மனைவியும் ஆப்பிளும் திராட்சையும் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்தவர் சத்துமாப் பேணி ஒன்றை மேசையில் வைத்தார். எல்லோரும் மெதுவான குரலில் கதைத்தார்கள். யாரோ எனக்குத் தலையணை எடுத்துக் கொடுத்தார்கள்.

தலைவரின் மனைவி என் கையைப் பிடித்தா. "இப்ப நோவு இல்லையோ ரீச்சர்? தையல் வெட்டியாச்சோ?"

"என்ன தையல்?"

"ஒப்பரேசன்..."

நான் இவரைப் பார்த்தேன். இவர் கூரையைப் பார்த்தார். மனைவி கப்பலில் உல்லாசமாகப் போய்விட்டா என்று சொல்ல வெட்கப்பட்டு, அவா கொழும்புக்குப் போய்விட்டா என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார். தனியாகக் கொழும்பு, கனடாத் தங்கையும் வந்திருக்கிறாளாம், கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார். மிச்சத்தை ஊர் தானாகவே விளங்கிக்கொண்டது.

நான் உண்மையைச் சொன்னேன். 

"ஆஸ்பத்திரியாலை வந்த ஆள் எப்பிடிக் கொழுத்து வந்திருக்கிறா எண்டு நான் அப்பவே யோசிச்சனான்," என்றா தலைவரின் மனைவி.

பழங்களைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன், வாங்கவில்லை. எல்லாவற்றையும் வெட்டி எல்லோருமாகச் சாப்பிட்டோம். போனில் படங்களைக் காட்டினேன். கப்பலால் பிரயோசனம் உண்டா என்று ஆண்கள் தர்க்கப்பட்டார்கள். அந்தச் செலவுக்கு ஒரு கிணறு வெட்டலாம் என்றார் தலைவர். போகாதவர் அல்லவா, என் கணவர்தான் அந்தக் கப்பலைப் பற்றி எல்லோரையும்விடக் கூடுதலாக விளக்கம் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரி பால் போத்தலோடு வந்து குசினி வாசலில் நின்றாள். படங்கள் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அங்க சமையல் யாரு டீச்சர்?"

"வேறை ஆக்கள்."

"பாத்திரம் கழுவுறது?"

"அதுவும் வேறை ஆக்கள்தான்."

"உடுப்பு? படுக்கை?"

"எல்லாம் அவையள்தான். நாங்கள் ஒண்டிலையும் கை வைக்கேலாது."

போத்தலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப தாராளமா போகலாம்," என்றாள். பிறகு போத்தலை என்னிடம் தந்துவிட்டு, என் கத்தரிப் பாத்திக்குள் வாயை வைத்துக்கொண்டு நின்ற தன் மாட்டைத் துரத்த ஓடினாள்.