இங்கிலீஷ் பேசிய அரண்மனைப் பேய்

எங்கள் ஊர் அரண்மனைப் பேய் இங்கிலீஷ் பேசும். சிரிக்காதீர்கள், நான் ஏழாவது படித்தபோது ஊரே நம்பிய சங்கதி இது. கருமத்தம்பட்டியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். எந்தப் பாளையக்காரர் கட்டியதோ, கூரை பாதி விழுந்து வௌவால் குடியிருக்கும் அரண்மனை. மத்தியானம் மூன்று மணிவாக்கில் அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் முணுமுணுக்கும். எப்போதோ அங்கே செத்துப்போன வெள்ளைக்காரத் துரைசானிதான் என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

அரண்மனைச் சுவரை ஒட்டித்தான் என் கூட்டாளியின் வீடு. அவள் அம்மா அந்தக் குரலைக் கேட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். காலாண்டு லீவு முடிவதற்குள் போத்தனூருக்குக் குடிபோவதென்று ஏற்பாடு. கண்ணு பட்டுவிடும், வெளியே மூச்சு விடாதே என்று கட்டளை வேறு. அவள் என்னிடம் மட்டும் சொல்லி அழுதாள். ஒன்றாவதிலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

"பேய நாம கண்டுபுடிச்சுப்போட்டா?" என்றேன்.

"பேய்க்குத்தான் கால் இல்லியே, எப்படிடீ கண்டுபுடிப்ப?"

"கால் இல்லீன்னா தடம் விழுகாது. அதுவும் துப்புத்தானே?"

இந்த அறிவுக்கு இப்போதும் எனக்கு நானே ஷொட்டு கொடுத்துக்கொள்வேன். எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து ஒரு படி கோலமாவைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே போனோம். உள்வாசற்படிக்கு முன்னால் மாவைத் தரை தெரியாமல் தூவிவிட்டு ஓடி வந்தோம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் தடமே இல்லை. மாவையெல்லாம் வழித்தெடுத்து யாரோ அழகாகக் கோலம் போட்டிருந்தார்கள்.

"துரைசானி கோலமெல்லாம் போடுவாளா?" என்றாள் கூட்டாளி. அவளுக்குப் பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோலத்தின் மேல் மூலையில் ஒரு சுழி அதிகமாக இருந்தது. அந்தத் தப்பான சுழியை எங்கள் வாசலில் தினமும் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறேன்.

வயிற்றுவலி என்று கூட்டாளியிடம் புளுகிவிட்டு மத்தியானம் தனியாகப் போனேன். இடிந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாட்டுக்கு அறுத்த புல்லுக்கட்டு. மடியில் என் ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் புத்தகம். பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டதென்று நான் நினைத்தது.

"குட் மார்னிங் மிஸ். ஐ ஆம் ஹர் மதர். ஹவ் இஸ் மை டாட்டர் ஸ்டடியிங்?"

ஸ்டடியிங் என்ற இடத்தில் நாக்கு பிறழ்ந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். ஏழெட்டுத் தடவை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் மீட்டிங். "நீ வந்தா எம்மானம் போயிரும், அப்பாவயே அனுப்பு" என்று நான்தான் சொன்னேன். "செரி கண்ணு" என்றாள், அவ்வளவுதான். வீட்டில் தறிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்காது. கேட்டாலும் நான் இருக்கிறேனே, கேலி பண்ண.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருந்தும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஊர் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும். சொல்லாவிட்டால் கூட்டாளி போய்விடுவாள். அவர்கள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிய அன்று தாங்க முடியாமல் அம்மாவிடம் சொன்னேன்: "பேய்க்குப் பயந்துட்டு அவங்க ஊட்டக் காலி பண்ணுறாங்கம்மா." நான் பார்த்ததைச் சொல்லவில்லை.

அம்மா கையிலிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "பேயின்னா யாரும் உள்ள வரமாட்டாங்க, நல்லதாப்போச்சுன்னு இருந்துட்டேனே" என்றவள், என் முகத்தைப் பார்க்காமல் நேரே அவர்கள் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"அந்தப் பேயி நாந்தானுங்க்கா."

கூட்டாளியின் அம்மா நம்பவில்லை. எங்கே, பேசிக் காட்டு என்றார். அம்மா நின்றவாக்கில் குட் மார்னிங் மிஸ் சொன்னாள். "அட இந்தக் கொரலுக்கா காச்சல்ல கெடந்தேன்" என்று அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு, "எதுக்கு அம்மணி உனக்கு இந்த வேலை?" என்று கேட்டார்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சும்மாத்தானுங்க. பொழுது போகலீங்க" என்றாள்.

அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். சாக்குகளை அவிழ்த்துப் பாத்திரங்களை எடுத்து அடுக்கினார்கள், நானும் கூடமாட அடுக்கினேன். ராத்திரி சாப்பிடும்போது, "அடுத்த மீட்டிங்குக்கு நீ வாம்மா" என்றேன்.

வந்தாள். எழுந்து நின்று ஆரம்பித்ததும் டீச்சர், "தமிழ்லயே பேசுங்கம்மா, பரவால்ல" என்றார். "இருங்க மிஸ், முழுசாச் சொல்லிப்போடறேன்" என்று மூன்று வரியையும் பிசகாமல் சொல்லி முடித்தாள். டீச்சரும் மரியாதைக்கு இங்கிலீஷிலேயே பதில் சொன்னார். பக்கத்துப் பெஞ்சு வரைக்கும் என் பேச்சுத்தான் கேட்கிறது, கூட்டாளியையும் என்னையும் பிரித்து உட்காரவைக்கப் போகிறாராம்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நல்லாப் படிக்கறனாம்" என்றேன்.

"டாக்கிங்னா பேச்சுத்தான கண்ணு?" என்றாள் அம்மா.