ஆயுத பூஜைக்குத் திறந்த புறஊதா விளக்கு

மலேசியாவின் ஈப்போ நகரில் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைத் திகைக்க வைத்தது ஒளியின் வாடை. வெளியே வெயில், தொழிற்சாலைக்குள் மின்னல் வெட்டியது போன்ற காட்டமான நெடி. விரல் நீளக் குவார்ட்ஸ் குழாய்க்குள் துளிப் பாதரச ஆவி. அதனூடே மின்சாரம் பாய்ந்தால் கண்ணுக்குத் தெரிவது மெல்லிய நீலம் மட்டுமே. தெரியாமல் வருவது புறஊதா. கணினிச் சில்லுகளில் பதிந்ததை அழிக்க அதைப் பயன்படுத்தினோம். வெறுங்கண்ணை அது பொசுக்கும். திருச்சியில் பௌதிகம் படித்து வந்த எனக்கு இது தெரியும். தெரியும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். காம்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் விற்கப்பட்டதும், அங்கே பால்மரம் வெட்டிப் பால் எடுத்த பெண்கள் எங்கள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி மாரியாயி. அவள் உழைப்பில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஆயுத பூஜையன்று இயந்திரத்துக்குப் பொட்டு வைத்து மாலை போட்டார்கள்.

"உள்ள இருக்குற வெளக்க ஒருவாட்டி காட்டுங்கண்ணே, கும்பிட்டுக்கிறோம்" என்றாள் மாரியாயி.

இழுப்பறையைத் திறந்தால் விளக்கு தானாக அணைய வேண்டும். வேலை வேகமாக நடக்க, இழுப்பறை மூடினால் மட்டுமே அமுங்கும் பொத்தானை நான் முன்பே டேப்பால் ஒட்டி அமுக்கி வைத்திருந்தேன். என் இயந்திரத்துக்கு முன் பத்துப் பேர் கைகூப்பி நின்றது எனக்குப் பெருமையாக இருந்தது. திறந்தேன்.

"நேரா பாக்கலாமாண்ணே?"

"பாருங்க, ஒண்ணும் ஆகாது."

"அண்ணன் கோயிலே கட்டிட்டாருலா!" என்று யாரோ சிரித்தார்கள்.

விளக்கின்மேல் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஏற்றிய சூடம் அணையும்வரை மாரியாயி குனிந்து பார்த்தபடி நின்றாள். நான் இயந்திரத்தின் பின்னால் நின்றேன். அது தற்செயல் அல்ல.

மறுநாள் பல பேருக்குக் கண் சிவந்திருந்தது. மாரியாயியைத் தங்கை கைப்பிடித்து அழைத்து வந்தாள். "மணல அள்ளிப் போட்டாப்ல இருக்குண்ணே."

மேலாளர் என்னிடம், "சாக்கிட் மாத்தா?" என்றார். தொற்றும் கண்நோயா என்று மலாயில் கேட்கிறார். டேப்பைச் சொன்னால் என் வேலையும் இங்கே தங்கும் பெர்மிட்டும் போகும். ஆமாம் என்றேன். நோயைப் பரப்பியவள் என்று மாரியாயியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிரிவு மேற்பார்வையாளன் என்பதால் கடிதத்தில் கையெழுத்து என்னுடையது.

"நம்ம ஆளு சொல்றாருன்னு நம்பித்தானேண்ணே பாத்தோம்" என்றாள். கண் சில நாளில் தெளிந்தது. வேலை திரும்பவில்லை.

தோட்டத்துக் கங்காணிகள் நம்மவரை ஏய்த்த கதையை இங்கே கூட்டம் போட்டு ஆவேசமாகப் பேசுகிறோம். கேட்கும்போதெல்லாம் என்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் டை கட்டிய கங்காணி. பிழைத்துக்கொண்டான் என்று ஊரில் என்னைப் புகழாதீர்கள்.

திருச்சிக்கு வந்தால் விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கிறேன். ஈப்போ கோயில் அன்னதானத்தில் மாரியாயியின் தோட்டத்தார் உட்காரும் பந்தியில், என் இரு பக்கமும் இலை போட்டிருக்கும், யாரும் உட்கார்வதில்லை.