காலில் தெரியாத ஒளுத் தண்ணீர்

சகோதரிகளே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், நோன்புக்கு முந்தின மாதம், எனக்குக் கடுமையான இடுப்புவலி பிடித்தது. நான் கல்பாக்கம் பக்கம் கட்டட வரைபடம் போடுகிறவள். நாள் முழுக்கப் பலகைமேல் குனிந்தே வேலை. அதனால்தான் வலி என்றார்கள், நானும் நம்பினேன். தைலம், ஒத்தடம், மாத்திரை, எதுவும் கேட்கவில்லை. வலி இரண்டு கால்களிலும் இறங்கியது. சதுரங்கப்பட்டினத்து வீட்டில் பாயில் கிடந்து அழுதேன். "யா அல்லாஹ், இந்த வலியை எடுத்துவிடு." அது ஒன்றுதான் என் துஆ.

ஒரு நாள் விடிந்தபோது வலி பாதியாகியிருந்தது! கால்களில் வெறும் மதமதப்பு. அம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நன்றி சொல்லித் தொழ, சுவரைப் பிடித்தபடி முகம், கை, கால் கழுவி ஒளு செய்யப் போனேன். முகத்தில் தண்ணீர் குளிர்ந்தது. கையில் குளிர்ந்தது. காலில் ஊற்றினேன். தெரியவே இல்லை.

சற்று முன் கழிப்பறையில் கழுவியபோதும் உட்காரும் இடத்தில் என் கை பட்டது தெரியவில்லை. முந்தின இரவிலிருந்து சிறுநீரும் வரவில்லை. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து புரிந்தது. வலி போகவில்லை, உணர்ச்சிதான் போய்க்கொண்டிருந்தது.

அதற்குள் என் தாய்மாமாவின் மனைவி, மாமி, சுளுக்கு எடுக்க வந்துவிட்டார். கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மாமி அப்படிப் பிறந்தவர்.

"இன்னாடி, கோடு போட்டே கூனிப்பூட்டியா? குப்புற படு. மூணு மிதி மிதிக்கிறேன், பஸ்ஸு பின்னாடியே ஓடுவ!"

"வேணாம் மாமி. கால்ல தண்ணி ஊத்துனா தெரியல. கழுவுற எடமும் மரத்துப்போச்சு. ராத்திரிலேர்ந்து ஒண்ணுக்கும் வரல."

மாமி தூக்கிய காலைக் கீழே வைத்தார். "அட அல்லாவே! இத்த இன்னாத்துக்குடி உள்ளயே வெச்சுகினு இருந்த? இது மிதிக்கிற கேஸு இல்ல!"

தெருவுக்கு ஓடி மீன் வேனை மறித்தவரும் அவர்தான். "அண்ணாத்த, மீன அப்பால எறக்கு, புள்ளைய ஏத்து!"

கூடைகளுக்கு நடுவே படுத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் என் துஆ மாறிவிட்டது. "ரப்பே, வலியைத் திருப்பிக் கொடு. கால்களைக் கொடு."

டாக்டர் என் பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்தார். "முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்புகளை நசுக்குதும்மா. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா காலுக்கு உணர்ச்சி திரும்பாது." உடனே மெட்ராஸுக்கு அனுப்பினார். அன்றே ஆபரேஷன் நடந்தது.

கண் விழித்தபின் நர்ஸ் ஈரத்துணியால் என் பாதத்தைத் துடைத்தார். கத்திவிட்டேன்.

"ஏண்டி, வலிக்குதா?" என்று மாமி பதறினார்.

"குளிருது மாமி! குளிருது!"

சகோதரிகளே, முதுகுவலி பெரும்பாலும் தானே தணிந்துவிடும். ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையால் குறிப்பதுபோல் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: உட்காரும் இடம் மரத்தால், சிறுநீர் வராவிட்டால், மலமோ சிறுநீரோ தெரியாமல் போனால், கால் துவண்டால், அந்த நிமிடமே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வரும் முதுகுவலியையும், கீழே விழுந்தபின் வருவதையும் விட்டுவைக்காதீர்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். துஆ கேளுங்கள், கேட்டபின் பதிலைக் கவனியுங்கள். எனக்கு அது ஒரு செம்புத் தண்ணீரில் வந்தது.

இப்போதெல்லாம் ஒளுவில் காலைக் கழுவும்போது நான் அவசரப்படுவதில்லை. குளிர்ச்சி விரல் இடுக்குகளில் தெரியும்வரை நிற்கிறேன். என் முதல் அல்ஹம்துலில்லாஹ் அங்கேதான்.