அரக்கு முத்திரையிட்ட கிளட்ச்

புது வண்டியோடு கொடுத்த உத்தரவாதப் புத்தகத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது விதி. வாடிக்கையாளர் எழுத்து மூலம் தரும் புகாருக்குப் பதினைந்து வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தரப்படும். அதுவரை வெளியாள் எவரும் அந்தப் பாகத்தில் கை வைக்கக் கூடாது. அரசு அலுவலகத்தில் இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதிப் பிழைத்தவன் நான். அப்படியிருந்தும் நம்பினேன்.

ஜூலையில் கிளட்ச் இறுகிப்போனது. லீவரைப் பிடித்து இழுத்தால் மணிக்கட்டு வரை வலித்தது. அதைச் சென்னையிலிருக்கும் மகனிடம் போனில் சொன்னது என் தவறு.

“அறுபத்தாறு வயசுல எதுக்குப்பா கியர் வண்டி? தீபாவளிக்குள்ள சரியாகலைன்னா குடுத்துட்டு ஸ்கூட்டர் வாங்கிரலாம்.”

ஓய்வுபெற்றபின் நான் சொன்னபடி கேட்கிற ஒரே பொருள் அந்த கியர்தான். அதையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

சர்வீஸ் சென்டர் சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு லீவரை ஒருமுறை இழுத்தார். பிறகு ஜாப் கார்டில் எழுதினார்: ‘கிளட்ச் சரியாக உள்ளது. கஸ்டமர் கையைப் பார்க்கவும்.’

பார்த்தேன். எலும்பு டாக்டரிடம் போய், இடது கை நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கேட்டேன். எதற்கு என்றார். கிளட்சுக்கு என்றேன். அதற்குமேல் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அடுத்து, பக்கத்துக் காம்பவுண்டில் இருக்கும் நிட்டிங் கம்பெனியில் துணி ரோல் எடை போடும் கொக்கித் தராசை இரவல் வாங்கி, லீவரின் நுனியில் மாட்டி இழுத்தேன். பதினோரு கிலோ. அதைப் படமெடுத்து, சான்றிதழையும் ஜாப் கார்டு நகலையும் இணைத்து, வண்டிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

சாட்சிப் பொருள் கலையக் கூடாதல்லவா? லீவரைச் சுற்றிக் காகிதம் ஒட்டி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, இரண்டு இடத்தில் அரக்கு வைத்தேன். வண்டி ஷெட்டில் நின்றது. பதினைந்து வேலை நாள் போயிற்று. ஆகஸ்ட் போயிற்று, செப்டம்பரும் போயிற்று. பொங்கலூரில் இருக்கும் எங்கள் தோப்புக்கு, பல்லடத்தில் பஸ் மாறி, இரண்டு பஸ்ஸிலும் நின்றபடியே போய்வந்தேன்.

“வண்டி என்னாச்சுங்க சார்?” என்பார்கள் தெருவில்.

“விசாரணையில இருக்குதுங்க.”

அக்டோபர் பிறந்ததும் மகன் ஸ்கூட்டர் படங்களை அனுப்பி, கலர் மட்டும் சொல்லச் சொன்னான்.

அந்த வாரம் ஒருநாள் தோப்பிலிருந்து திரும்பினால் என் அரக்கு முத்திரைகள் தரையில் கிடக்கின்றன. நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஃபிட்டராக இருக்கும் திருநெல்வேலிக்காரர் வண்டியருகே குந்தியிருக்கிறார். என் மனைவி அவருக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

“யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க?”

“என்னையக் கேட்டுத்தானுங்க” என்றாள் மனைவி.

“கேபிள் வாயில பஞ்சு சார். அஞ்சு நிமிச வேலை” என்ற ஃபிட்டர், நிட்டிங் ஊசியின் கொக்கியால் உள்ளேயிருந்து இழுத்ததைக் காட்டினார். விளக்குத் திரிபோலக் கறுத்து, கெட்டித்துக் கிடந்தது. அவருடைய கம்பெனியின் எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்க எங்கள் ஷெட்டைப் பார்த்துத்தான் பஞ்சு ஊதுகிறது. “மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிட்டேன். இழுத்துப் பாருங்க.”

நான் தராசை மாட்டினேன். நாலு கிலோ. மூன்று மாதக் கோப்பு கண்ணெதிரே செத்துப்போனது.

“இதை மறுபடி உள்ளேயே வெச்சிர முடியுமா?” என்று கேட்டேன். கேட்டது நான்தான், மறைப்பதற்கில்லை.

“எடுக்கத்தான் எனக்குத் தெரியும் சார். வைக்கதுக்கு வேற ஆளப் பாக்கணும்.” திரியை மூக்கருகே கொண்டுபோனார். “பஞ்சு சும்மா இப்படி ஒட்டாது. யாரோ தையல் மிஷின் எண்ணெயா ஊத்தி, ரப்பர் மூடியத் தொறந்தே போட்டிருக்காவ.”

கேபிளுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று அதே புத்தகம் சொல்கிறது. எந்த எண்ணெய் என்றும் சொல்கிறது. பனியன் தைத்துப் பிழைக்கும் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பது தையல் மிஷின் எண்ணெய். கதவுக் கீல் முதல் மின்விசிறி வரை அதைத்தான் விடுகிறோம். நான் ஒன்றாம் தேதி தவறாமல் விட்டிருக்கிறேன்.

“வேற ஆளே வேண்டாந் தம்பி” என்றாள் மனைவி. “உள்ள வெச்சவரு இங்கயேதான் நிக்கறாரு.”

அன்றே மகனுக்கு போன் செய்து, வண்டி சரியாகிவிட்டது என்றேன். கம்பெனி பதில் போட்டதா என்று கேட்டான். பதில் இல்லாமலே சரியாகிவிட்டது என்றேன். என் உத்தியோக காலத்தில் எந்தக் கோப்பிலும் அப்படியொரு குறிப்பை நான் எழுதியதில்லை. அவன் ஸ்கூட்டர் பேச்சை எடுக்கவில்லை.

பதிவுத் தபால் வந்தபோது நான் வீட்டில் இல்லை. வண்டியில் பொங்கலூர் போயிருந்தேன். மனைவி கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்திருந்தாள். கம்பெனியின் பொறியாளர் நேரில் வந்து ஆய்வு செய்வார், அதுவரை கிளட்சை இப்போதுள்ள நிலையிலேயே வைத்திருக்கவும் என்று எழுதியிருந்தார்கள். பழக்க தோஷத்தில் உறையின் மேல் கடிதம் வந்த தேதியைக் குறித்தேன்: அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை.