பெரியப்பா தள்ளிக்கொண்டு வந்த வண்டி

அநியாயம் நடந்தது என் அம்மா கஸ்தூரிக்கு. செய்தவர் அப்பாவின் அண்ணன். சாட்சி ஒரு டூ ஸ்ட்ரோக் பைக். பழைய வண்டியை மறுபடி ஓடவைப்பது பாதி ஸ்பேனர் வேலை, மீதி போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற வேலை. கையில் கிரீஸோடு தெருவில் உட்கார்ந்து ஊர் சொல்லும் யோசனையைக் கேட்டுக்கொண்டிருக்கும் சக துன்பவாசிகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். ஆனால் அநியாயத்தை விளக்கியாக வேண்டும்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. அம்மாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. இன்றைக்கும் அதே வேலைதான். ஒருநாள் கம்பெனி வேன் போய்விட, அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். பாதி வழியில் பெரியப்பா கைகாட்டி நிறுத்தி, குடும்ப மானம் போகிறது என்று இறக்கிவிட்டார். அவருக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தார். கம்பெனிக் கோட்டோடு அம்மா பின்னால் நடந்து வந்தாள். அவளும் ஒன்றும் பேசவில்லை, அப்பாவும் பேசவில்லை. அப்பா லாரிக்குப் போக ஆரம்பித்ததும் வண்டி கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்குள் போனது.

இதை அம்மாவோடு வேனில் போகிற ஓர் அக்கா போகிற போக்கில் எனக்குச் சொன்னார். அரசியல் அறிவியலில் எம்.ஏ. படிக்கிற என்னால் அதைச் சீரணிக்க முடியவில்லை. அதே வண்டியை அதே ரோட்டில் அம்மா ஓட்டியாக வேண்டும் என்று முடிவு செய்து அவளிடமே அறிவித்தேன். "ஏண்டி, ஒனக்குப் படிக்கற வேல ஒன்னும் இல்லியா?" என்றாள்.

கிளட்ச் கேபிள்

வேலூரில் ஒரு உதிரிபாகக் கடை. கேபிள் கேட்டேன். "வண்டி யாருதும்மா?" என்றார் கடைக்காரர். அம்மாவுடையது என்றேன். "அப்பா வரலியா?" கேபிள் வாங்க அப்பா எதற்கு என்று கேட்டேன். "அளவு தெரியணும்ல?" பழைய கேபிளைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியாது. கடைக்கு வருகிற ஆண்களிடம் "அம்மா வரலியா" என்று கேட்பீர்களா, ஒரு கேபிளின் நீளத்துக்கும் வாங்குகிறவர் ஆணா பெண்ணா என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள், அவர்களுக்குப் பொழுது போயிற்று. கடைக்காரர் பொறுமையாகக் கேபிளைச் சுருட்டித் தாளில் கட்டி நீட்டினார். "கேபிளத் தர்றேம்மா. கருத்த நீயே வெச்சிக்க."

குளவிக் கூடு

பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து வண்டியின் படத்தைப் போட்டேன். பெரும்பாலானவர்கள் விற்கிறீர்களா என்றார்கள். ஒருவர் படத்தில் பின்னால் நிற்கிற பெண் யார் என்றார். அவருக்கு நான் எழுதிய பதிலைக் குழுவை நடத்துபவர் அழித்துவிட்டார். நௌஷாத் பாய் என்பவர் மட்டும் தனியாக ஒரு வரி அனுப்பினார்: "லொகேஷன் போடுமா."

ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்களுடையதைப் போன்ற ஒரு வண்டியிலேயே தெருவை அதிரவிட்டுக்கொண்டு வந்து இறங்கினார். தோல் பதனிடும் கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. டேங்கில் பொடிக்கல்லும் டீசலும் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம்; டிகாஷன் மாதிரி துரு கொட்டியது. துணி காயப்போடுகிற சாக்கில் அம்மா தூரத்திலேயே நின்றாள். காய்ந்த துணியையே திரும்ப உதறிப் போட்டாள். "வண்டி செத்துப்போச்சா பாய்?" என்று கேட்டேன். "சாவலமா. பேஜாராயி உக்காந்துனு இருக்குது. யாரும் கூப்டல, அதான்."

வாஷர்

டேங்கை மாட்டியதும், அடியில் பெட்ரோலைத் திறந்து மூடுகிற டேப் ஒழுகியது. ஞாயிறு, கடை கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் எது ஆடினாலும் ஒழுகினாலும் கை போவது தோல் துண்டுக்குத்தான். மேசைக்காலுக்கு அடியில், தண்ணீர்க் குழாயில், மிக்சிக்குக் கீழே, எங்கும் அதுதான். பாய் வாஷருக்கென்று தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். அப்போதுதான் அம்மா முதல்முறையாகக் கிட்டே வந்தாள். "குடுங்க, நீங்க வெட்னா கோணலாப் பூடும்" என்று வாங்கி, அளவே எடுக்காமல் வட்டமாக வெட்டிக் கொடுத்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. உதைத்து உதைத்து வண்டி கிளம்பியபோது தெரு முழுக்கப் புகை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு அம்மா சிரித்தாள்.

அடுத்த வாரம் வண்டி அசையவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே மஞ்சளாகப் பிசுக்கு. வாஷர் அப்பளம் போல விறைத்துக் கிடந்தது. தோல் மிருதுவாக இருக்க அதில் ஏற்றும் எண்ணெயைப் பெட்ரோல் கரைத்து இறக்கியிருந்தது. தினமும் தோலைத் தடவிப் பார்க்கிறவர் ஒருவர், தினமும் தோலைத் தைக்கிறவள் ஒருத்தி, எதையும் கேள்வி கேட்காமல் விடாத நான். மூவரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. "கம்பெனில இருந்தா ஒடனே தெரிஞ்சிருக்கும். வூட்டுக்கு வந்தா மூள லீவு போட்டுடுது" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும்போது சொன்னாள்: "நான் தொட்டாலே இப்டித்தான். இத்தோட வுட்ருங்க."

டெய்சி அக்கா

டெய்சி அக்கா வேலூரில் நர்ஸ். காட்பாடியிலிருந்து டியூட்டிக்குக் கனமான ஒரு பழைய பைக்கில் போகிறவர், அதே குழுவில் இருப்பவர். பெட்ரோலுக்குத் தாங்குகிற ரப்பர் வாஷரோடு வந்தார். பாயும் அவரும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து மாட்டினார்கள். பிறகு டெய்சி அக்கா சாதாரணமாக அம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, டேப்ப முறுக்கறேன், வண்டி சாயாம மேல கொஞ்சம் உக்காந்துக்கோங்க" என்றார். அம்மா புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

நல்ல சந்தர்ப்பம் என்று நான் ஆரம்பித்தேன். உன் உரிமை பறிக்கப்பட்டிருக்கிறது. நீ இன்றும் ஓட்டாவிட்டால் பெரியப்பா செய்தது சரி என்று ஆகிவிடும். இது உன் ஒருத்தியின் பிரச்சினை மட்டும் இல்லை, வேனுக்காகக் காத்து நிற்கிற எல்லாப் பெண்களுடைய பிரச்சினை. கல்லூரி மேடையில் பரிசு வாங்கியிருக்க வேண்டிய பேச்சு. டெய்சி அக்கா தலையைத் தூக்காமல் சொன்னார்: "கொஞ்ச நேரம் சும்மா இரும்மா. உங்கம்மா கியர் போட்டுப் பாக்கறாங்க."

ஆறாதது

டெய்சி அக்காவின் அந்த வார்த்தை என்னைக் கொஞ்ச நாள் உறுத்தியது. அம்மாவுக்காக இத்தனை மாதம் கோபப்பட்டேன். அவளுக்கு எதில் கோபம் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒருவேளை அவளுக்குக் கோபமே இல்லையோ, எனக்கு ஒரு வழக்கு வேண்டும் என்பதற்காக அவளை இழுத்துக்கொண்டு அலைகிறேனோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க அலைந்த கதையை விட்டுவிடுகிறேன், உங்களுக்கும் அழுகை வரும். இதற்கிடையே அம்மா அரைநாள் லீவு போட்டு, என்னிடம் சொல்லாமல் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டாள். பிறகு பள்ளி மைதானத்தில் எட்டுப் போட்டுப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். அவர் இறங்கச் சொன்னதா, பின்னால் நடந்து வந்ததா, அப்பா வாயைத் திறக்காததா, எது ஆறவில்லை என்று. அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "வழியெல்லாம் ஜனங்க, ஏன் தள்ளினு போறீங்கன்னு கேட்டாங்க. வண்டி ரிப்பேருன்னு சொல்லினே வந்தாரு. நல்லா ஓடற வண்டிடி அது. நானும் நல்லாத்தான் ஓட்னேன்."

ரோடு

போன வாரம் அம்மா வண்டியிலேயே வேலைக்குக் கிளம்பினாள். வேலூர் பஸ் பிடிக்க நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். டீக்கடை வாசலில் பெரியப்பா நின்றிருந்தார். வயதாகிவிட்டது, ஆனாலும் கை தானாக உயர்ந்தது. அம்மா பிரேக் போட்டாள், இன்ஜினை அணைக்கவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைப் பிடித்தபடி பார்த்தார்கள். பெரியப்பா அம்மாவைப் பார்க்காமல், அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னா பாப்பா, இந்த வண்டி இன்னும் ஓடுதா?"

அரசியல் சட்டத்திலிருந்து ஆரம்பித்துப் பெரியப்பாவின் கியர் அறிவுவரைக்கும் மனசுக்குள் நான் எழுதி வைத்திருந்த பதிலுக்கு வாயைத் திறப்பதற்குள், அம்மா ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, சண்டையே இல்லாத குரலில் சொல்லிவிட்டாள்: "அன்னிக்கும் நல்லாத்தான் ஓடிச்சி மாமா. ஷிஃப்டுக்கு நேரமாவுது, வழி வுடுங்க."