ஷிகெகி எடை குறைத்த கதை

கனூமா ஊரில் நுமாவோ ஷிகெகி பார்த்த வேலை, பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய் இறக்குவது. காலையில் பொதுச் சமையற்கூடத்தில் சூப் நிறைந்த அலுமினியப் பாத்திரங்களையும் பால் பெட்டிகளையும் வண்டியில் ஏற்ற வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதே பாத்திரங்களைக் காலியாகத் திரும்ப ஏற்ற வேண்டும். காலிப் பாத்திரம்தான் அதிகமாகக் கனக்கிறது என்பார் ஷிகெகி. தெம்பெல்லாம் காலையிலேயே செலவாகியிருக்கும். ஐம்பத்தாறு வயதில், வீடு திரும்பினால் காலணியைக் கழற்றக்கூட மனமில்லாமல் நுழைவாயில் படியில் கொஞ்ச நேரம் வெறுமனே உட்கார்ந்திருப்பார்.

அந்த அலுப்பிலும் அவரை எழுந்து நடக்கவைத்தது, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நின்ற ஃபேர்லேடி கார்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த வண்டி. நீண்ட மூக்கும் குட்டை முதுகுமாக, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். அவரும் மனைவி கியோமியும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் ஏறி மலைப்பக்கம் போய் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மலைமேல் இருந்த ஒரு சிறிய ஓட்டத்தடத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். ஒவ்வொருவராக ஓட்டி நேரம் எடுப்பார்கள். பரிசு ஒன்றும் கிடையாது. ஒரு பலகையில் பெயர்களை வரிசையாக எழுதி வைப்பார்கள், அவ்வளவுதான். அந்தப் பலகையில் ஷிகெகியின் பெயருக்கு நேர் மேலே எப்போதும் ஓகானேயின் பெயர் இருந்தது. ஓகானே பக்கத்து நகரத்தில் செயற்கைப் பல் செய்பவர். அவருடைய கார் சின்னது, எஞ்சினும் சின்னது. ஆனால் பூனை மாதிரி லேசு. நேர்ப்பாதையில் ஷிகெகி பிடித்துவிடுவார். திருப்பம் வந்தால் ஓகானே நழுவிப் போய்விடுவார்.

"ஒங்க வண்டில குடும்பமே குடியிருக்கும் போல, நுமாவோ சான்" என்று ஒருமுறை ஓகானே சிரித்துக்கொண்டே சொன்னார். சாதாரணக் கிண்டல்தான். ஆனால் ஷிகெகி அதை வீடுவரை சுமந்துகொண்டு வந்தார்.

பள்ளித் தோழன் ஹனாவா, ஊர் எல்லையில் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருந்தான். அவனிடம் போய்ச் சொன்னபோது அவன் எஞ்சினைத் திறக்கக்கூட இல்லை.

"எஞ்சின்ல கைய வச்சா நீ ஆண்டியாயிடுவ. எடையக் குறை. வேகம் எடுக்கறதுக்கும் நல்லது, பிரேக்குக்கும் நல்லது, திரும்பறதுக்கும் நல்லது. பிச்சு எறியறதுக்குக் காசா கேக்குறாங்க?"

அப்படி ஆரம்பித்ததுதான். முதலில் ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு. பிறகு முன்னும் பின்னும் இருந்த இரும்பு பம்பர்கள். சத்தம் கேட்காமலிருக்க வண்டியின் தரை முழுக்க ஒட்டியிருந்த தார்ப் படலத்தைப் பெயர்க்க ஹனாவா ஒரு வழி சொன்னான். அதன்மேல் டிரை ஐஸைப் பரப்பி வைத்தார்கள். தார் உறைந்து ஓடு மாதிரி ஆனதும் சுத்தியலால் தட்டினால் சில்லுச் சில்லாகக் கழன்றது. வேலை முடிந்து வந்த ஷிகெகி, கொட்டகையில் குனிந்தபடி அந்தச் சில்லுகளை வாளியில் அள்ளிக்கொண்டே இருந்தார். முதுகு விட்டுப்போனது. ஆனாலும் வாளியைத் தூக்கிப் பார்க்கும்போது, இத்தனை நாளாக இதையெல்லாமா இழுத்துக்கொண்டு திரிந்தோம் என்று ஒரு திருப்தி வரும்.

பின் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் கண்ணாடி வந்தது. இரும்பு பானெட் போய் ஃபைபர் பானெட் வந்தது. ஹீட்டரையும் கழற்றினார். கடைசியில் பக்கத்து இருக்கையில் கை வைத்தார்.

கியோமி அப்போது கொட்டகை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஊரில் ஒரு பெரிய ஹார்டுவேர் சாமான் கடையில் கல்லாவில் நிற்பவள் அவள், அவளுக்கும் கால்வலி.

"அதுவும் போகுதா?"

"பதினாறு கிலோ இருக்கு."

"அதுமேல உக்காருறவளோட எடையும் கணக்குல உண்டா?"

"சும்மா பேச்சுக்குக் கேக்காத. ரெண்டு பேரும் சேர்ந்து போக ஒன் வண்டி இருக்கே."

"இருக்கு" என்றாள் கியோமி. "அதுல ஹீட்டரும் இருக்கு." துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஷிகெகி முறைப்படி வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போய், ஒருவர் மட்டும் உட்காரும் வண்டி என்று பதிவையும் மாற்றிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சோபா நின்றுபோனது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை, தானாக நின்றது.

கோடை தொடங்கும் சமயத்தில் ஹனாவா நான்கு சக்கரங்களுக்கும் கீழே நான்கு தட்டைத் தராசுகளை வைத்து எடை பார்த்தான். எதிர்பார்த்ததைவிட நன்றாகவே குறைந்திருந்தது. அப்புறம் ஷிகெகியை ஏறி உட்காரச் சொன்னான். எண்கள் எகிறின.

"இனிமே கழட்டறதுக்கு இந்த வண்டில ஒண்ணும் இல்ல" என்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டான் ஹனாவா. "மிச்சமிருக்குற தண்டச் சுமை நீதான்டா, ஷிகெ. எண்பத்திரண்டு கிலோ. ஒனக்கு டிரை ஐஸ் வச்சுத் தட்ட முடியாது."

இருவரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஷிகெகி சோற்றைப் பாதியாகக் குறைத்தார். பீரை விட்டார். இரவு டோஃபு என்ற சோயா பனீரும் கீரையும் மட்டும்தான்.

அதிசயம் என்னவென்றால் எடை குறைந்தது. இளவயதில் எத்தனையோ தடவை முயன்று அசையாத உடம்பு, இப்போது கேட்டபடி எல்லாம் கரைந்தது. கன்னம் ஒட்டியது, தொப்பை இறங்கியது. கால்சட்டை நழுவத் தொடங்கியபோது கியோமி பெல்ட்டில் ஆணியடித்துப் புது ஓட்டை போட்டுக் கொடுத்தாள். சில வாரங்களில் அதற்கும் உள்ளே இன்னொன்று.

"டோஃபு தின்னு இப்படி ஒருத்தர் எளைச்சு நான் பாத்ததில்ல. ஒரு தடவ டாக்டர்கிட்டக் காட்டிட்டு வாங்களேன்" என்றாள்.

"முயற்சி பலிக்குதுன்னு சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு டாக்டருங்கற. இலையுதிர் காலத்துல ஆபீஸ்ல எப்படியும் பரிசோதனை பண்ணுவாங்க."

களைப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பால் பெட்டியைத் தூக்கும்போது தொடைகள் நடுங்கின. எவ்வளவு பார்லி டீ குடித்தாலும் நாக்கு ஒட்டியது. வண்டியில் எப்போதும் இரண்டு பெரிய பாட்டில்கள் கிடந்தன. எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் கழிப்பறையைத் தேடினார். கோடை வெயில், குறைந்த சாப்பாடு, ஏறுகிற வயது என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. மாலையில் படியில் உட்காரும் நேரம் நீண்டது. சில நாள் கியோமி கடையிலிருந்து வரும்போதும் அவர் காலணியோடு அங்கேயே சுவரில் சாய்ந்திருப்பார்.

இலையுதிர் காலக் கூட்டத்தன்று ஹனாவாவால் வர முடியவில்லை. அவன் சித்தப்பாவின் நினைவுச் சடங்கு. கியோமிக்கு உட்கார இடமில்லை. ஷிகெகி தனியாக மலை ஏறினார்.

காலைச் சுற்றில் அந்த வண்டி ஓடிய விதத்தை அவரால் நம்ப முடியவில்லை. முன்பெல்லாம் திருப்பத்துக்கு முன்பே பிரேக்கை மிதித்து, கனத்த மூக்கு திரும்பட்டும் என்று காத்திருக்க வேண்டும். இப்போது திரும்ப நினைத்ததுமே திரும்பியிருந்தது. காதருகே கல் தெறிக்கும் சத்தம், பெட்ரோல் வாசனை, வெறும் தகரத்தின் அதிர்வு எல்லாம் நேராக உடம்புக்குள் வந்தன. வண்டிக்கும் தனக்கும் நடுவில் ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றியது. பலகையில் பெயர் எழுதியபோது நுமாவோ மேலே இருந்தது, ஓகானே கீழே.

ஆனால் அதை அவரால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் தண்ணீரில் நனைந்ததுபோல் மங்கின. பக்கத்திலிருந்தவர் படித்துச் சொன்னார். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, அதற்குத் தெம்பில்லை. தாகத்துக்கு, காசு போட்டு எடுக்கும் இயந்திரத்திலிருந்து இனிப்பு சோடா வாங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தார். காரின் நிழலில் தரையில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

வாழ்த்துச் சொல்ல வந்தவர் ஓகானே. குனிந்து முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஓடி வந்தவரைப் போல ஷிகெகி ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மூச்சில் அழுகிய பழத்தின் வாசனை.

"நுமாவோ சான், ஒங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்ல... சும்மா அசதி. கொஞ்சம் தூங்கினா சரியாயிடும்."

"தூங்கக் கூடாது. எங்க தம்பி இப்படித்தான் தூங்கினான்."

ஆம்புலன்ஸுக்குப் பேசினார்கள். மலைச்சாலை ஏறிவர நேரமாகும், முடிந்தால் நீங்களே கீழே கூட்டி வாருங்கள் என்றார்கள். ஓகானே சுற்றிப் பார்த்தார். வரிசையாக நின்ற கார்களில் ஒரு நோயாளியை உட்காரவைக்க ஓர் இருக்கை இல்லை. அவருடைய வண்டியும் அப்படித்தான். எதையெல்லாம் கழற்றினோம் என்று ஆளாளுக்குப் பெருமையடித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நுழைவாயிலருகே யாகிசோபா நூடுல்ஸ் வறுத்து விற்றுக்கொண்டிருந்த டெட்சுகா என்ற பெண் விஷயத்தைக் கேட்டதும் அடுப்பை அணைத்தாள்.

"என் வேன்ல ஏத்துங்க. முட்டைகோஸ் மூட்டையெல்லாம் தூக்கிக் கீழ போடுங்க. ஏன் நின்னு பாக்குறீங்க, முட்டைகோஸ் ஒண்ணும் சொல்லாது."

எண்ணெய் மணக்கும் அந்த வேனின் பின்னால் ஷிகெகியைப் படுக்கவைத்து, தலையை ஓகானே மடியில் வைத்துக்கொண்டார். மலைச்சாலை முழுக்க அவரைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே வந்தார். மூணாவது திருப்பத்துல எந்த கியர்ல போனீங்க, முன் சக்கரத்துக்கு எவ்வளவு காத்து வச்சீங்க என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்க, ஷிகெகி கண்ணை மூடியபடி ஒவ்வொன்றுக்கும் பதில் முணுமுணுத்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு முழு நினைவு திரும்பியபோது கையில் இரண்டு ஊசிக் குழாய்கள். பெண் மருத்துவர் நிதானமாகச் சொன்னார். கணையம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்தியிருக்கிறது. வழக்கமாக இள வயதில் வரும் சர்க்கரை நோய் இது. சிலருக்கு இப்படித் தாமதமாக வருவதுண்டு. இனி வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும்.

"சாப்பாட்டக் குறைச்சதால எளைக்கலையா?" என்று கேட்டார் ஷிகெகி.

"அது கொஞ்சம்தான். சாப்பிட்டது எதுவும் ஒடம்புல ஒட்டல. ஒடம்பு தன்னையே எரிச்சு ஓட்டிக்கிட்டு இருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே படுத்திருந்தா வேற மாதிரி ஆயிருக்கும்."

மருத்துவர் போய்விட்டார். கியோமி கடைச் சீருடையோடு அப்படியே வந்திருந்தாள். திட்டப் போகிறாள் என்று ஷிகெகி காத்திருந்தார்.

"பெல்ட்டுக்கு நான்தான ஓட்டை போட்டுக் குடுத்தேன்" என்றாள் அவள். "ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தடவ யோசிச்சேன். ரெண்டு அதட்டு அதட்டிக் கூட்டிட்டுப் போயிருக்கணும். வேலைலேருந்து வந்தா வாக்குவாதம் பண்ணத் தெம்பில்ல எனக்கு."

"நீ சொல்லத்தான செஞ்ச."

"சொன்னேன். சொல்லிட்டுச் சமைக்கப் போயிட்டேன்."

அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. அதற்கும் அசதியாக இருந்தது. கையை நீட்டினார். அவள் குழாயில் படாமல் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

ஹனாவா மறுநாள் வந்து கட்டிலருகே நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது, ஷிகெ" என்றான். "நீ சொன்னதாலயா கணையம் நின்னுச்சு, போடா" என்றார் ஷிகெகி. ஆனாலும் ஹனாவாவுக்கு மனசு ஆறவில்லை. ஷிகெகி வீடு திரும்புவதற்குள், கழற்றி வைத்திருந்த இருக்கையைக் கொட்டகைக்கு வந்து தானே பூட்டிவிட்டுப் போனான். கியோமி எட்டிப் பார்த்தாள். நன்றி சொன்னாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் அதில் ஏறவில்லை. ஹீட்டர் இல்லாத வண்டியில் தனக்கு வேலையில்லை என்றுவிட்டாள். சோபா சாப்பிட அவளுடைய சின்னக் காரில் போனார்கள். அவள் ஓட்டினாள், ஷிகெகி கடைக் கழிப்பறையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்து சோபாவை அளவாகச் சாப்பிட்டார்.

இன்சுலின் வேலை செய்யச் செய்ய உடம்பு திரும்பி வந்தது. கன்னம் நிரம்பியது, தொப்பையும் வந்தது. மருத்துவர் சம்மதித்த பிறகு மறுபடி சாப்பாட்டு வண்டி ஓட்டினார். வசந்தக் கூட்டத்துக்கும் போனார். ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் சர்க்கரைக் கட்டிகளோடு ஓடி, பலகையில் நடுவரிசைக்கும் கீழே வந்தார். ஓகானே அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாகிசோபா பொட்டலத்தைப் பிரித்தார்.

"எனக்கும் அலுத்துப்போச்சு, நுமாவோ சான். போன வாரம் எடையக் குறைக்கக் கதவுக்குள்ள ஓட்டை போட்டுக்கிட்டிருந்தேன். எதுக்குடா இதுன்னு தோணிச்சு. ஆனா பாதில விட மனசு வரல. மத்தக் கதவுலயும் போட்டேன்."

"அது அப்படித்தான்" என்றார் ஷிகெகி.

அடுத்த நாள் வழக்கம்போல வேலை. கடைசிப் பள்ளியில் காலிப் பாத்திரங்களை ஏற்றி முடித்து வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தார். தோள் வலித்தது, முட்டி வலித்தது. விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தார்; சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் இது வெறும் வேலைக் களைப்பு, தூங்கினால் போகிற களைப்பு. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.